கதவா, வேப்பிலையா?

(நறுமணத் தைலங்களும் தொற்றுநோய்களும் என்ற பொருளில் வல்வெட்டித்துறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்காற்று இந்த மண்டபத்துக்குள் உப்பு மணத்தோடு வருகிறது. முத்துமாரி அம்மன் கோயிற் பக்கம் போனால் கற்பூரமும் வேப்பிலையும் மணக்கும். குசினிக்குள் போனால் ஓமமும் கறுவாவும் மணக்கும். நாங்கள் மணத்தோடு வாழ்கிற சனம். இன்று அந்த மணத்தைப் பற்றியும் வருத்தத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கையில் ஒரேயொரு கேள்வி. நறுமணத் தைலம் தொற்றுநோயைத் தடுக்குமா? வந்த நோயை மாற்றுமா?

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சொக்கலேற்றோடு சின்னச் சின்ன மண்ணிறப் போத்தல்களும் வருகின்றன. அரோமாதெரபி என்று அதற்குப் பெயர். லவெண்டர், டீ ட்ரீ, யூக்கலிப்டஸ். தலையணையில் ஒரு துளி, சுடுதண்ணீரில் இரண்டு துளி, பிறகு கிருமி கிட்ட வராது என்று சொல்லித் தருகிறார்கள். நான் நெடுங்காலம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளனாக வேலை செய்தவன். மருந்து கொடுக்கிற யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவன். அந்தப் பக்கம் நின்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது என்ன தெரியுமா? “ஐயா, இதோட தைலமும் பூசலாமோ?” அன்று வரிசை நீளம், பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும். கொப்பளிப்பான் போட்டது. எங்கள் வீட்டில் அதை வருத்தம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். ஆச்சி உள் அறையைக் கூட்டி, வெள்ளைச் சீலை விரித்து, வேப்பிலை பரப்பி, அதன்மேல் என்னைப் படுக்க வைத்தார். வாசலில் வேப்பங்குழை கட்டினார். உடம்பு கடித்தபோது சொறிய விடாமல் வேப்பங்கொத்தால் தடவிவிட்டார். அடுப்படியில் தாளிதம் நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படலையோடு நின்றார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த மச்சான் ஒருவன் அடி வாங்கினான். கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு வார்த்தார்கள். அந்தக் கசந்த மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அந்த மணம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

பிறகு படித்தேன், யோசித்தேன். அந்த மச்சானுக்கு வருத்தம் தொற்றவில்லையே, ஏன்? வேப்பிலையின் மணம் காற்றில் பறந்த கிருமியைக் கொன்றதா? இல்லை. வாசலில் வேப்பங்குழை தொங்கியது, அதைக் கண்டவர் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். ஆச்சி கட்டிய குழை ஓர் அறிவித்தல். உள்ளே நோய் இருக்கிறது, வராதே என்ற அறிவித்தல். வேலை செய்தது கதவு. ஆனால் பெயர் யாருக்குப் போனது? இலைக்குப் போனது. கதவை ஒருவரும் மெச்சவில்லை.

இதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். கதவு செய்த வேலைக்கு மணம் பெயர் வாங்கிய கதை எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. உலகம் முழுக்க நடந்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குப் போவோம். கொள்ளைநோய் ஊர் ஊராகச் சனத்தை வாரிக்கொண்டு போகிறது. அங்கே சில வைத்தியர்கள் பறவை அலகு போன்ற முகமூடி போட்டுக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனார்கள். அந்த அலகுக்குள் என்ன? வாசனை மூலிகைகள். கெட்ட நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது, நல்ல மணம் அதைத் தடுக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அலகோடு அவர்கள் இன்னொன்றும் போட்டிருந்தார்கள். கணுக்கால்வரை தொங்குகிற, மெழுகு பூசிய நீண்ட அங்கி.

அந்த நோய் எப்படிப் பரவுகிறது? 1894ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டார். 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன், எலியின் உடம்பில் இருக்கிற தெள்ளுதான் அதைக் காவுகிறது என்று காட்டினார். தெள்ளுக்கு லவெண்டர் மணம் என்ன செய்யும்? தெள்ளைத் தடுக்கக் கூடியது ஏதாவது அந்த வைத்தியரிடம் இருந்தது என்றால், அது அந்த மெழுகு அங்கிதான். மூக்குக்குள் இருந்த மூலிகை அல்ல. அங்கி அவருடைய கதவு. மூலிகை அவருடைய வேப்பிலை.

எலி என்று சொன்னேன். அந்த எலியை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அதனிடம் திரும்பி வருவேன்.

கெட்ட காற்றே நோய் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்றால், மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். டொக்டர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கி, எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த காலத்தில், உலகத்தின் பெரிய வைத்தியர்களில் பலர் வாந்திபேதிக்கும் கெட்ட காற்றே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1854இல் லண்டனில் ஜோன் சினோ என்ற வைத்தியர் வேறு இடத்தில் தேடினார். ஒரு தெருவில் செத்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் அள்ளினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். அந்தக் குழாயின் கைபிடியைக் கழற்ற வைத்தார். அங்கே மணம் ஏதும் மாறவில்லை. வாய்க்குள் போகிற தண்ணீர் மாறியது.

வல்வெட்டித்துறைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இது கப்பலோட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. பழைய நாளில் கப்பலில் தொற்றுநோய் என்றால் என்ன செய்தார்கள்? கரையிலிருந்து எட்ட நிறுத்தி மஞ்சள் கொடி ஏற்றினார்கள். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்து வைத்துப் பார்த்த பிறகே இந்தப் பக்கம் விட்டார்கள். அந்த மறியலின் வேதனை தனிக் கதை, இன்னொரு நாள் பேச வேண்டிய கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் கொடிக்கு மணம் கிடையாது. ஆச்சியின் வேப்பங்குழை சொன்னதைத்தான் அந்தக் கொடியும் சொன்னது.

சரி, கதவு மட்டும் போதுமா? போதாது. மூன்று பேருக்கு ஒருவரைக் கொண்டுபோன பெரியம்மை, கதவைக் கண்டு அடங்கவில்லை. 1796இல் ஜென்னர் என்ற வைத்தியர் காட்டிய தடுப்பூசியான அம்மைப்பாலை 1802இலேயே இந்தத் தீவில் குத்தத் தொடங்கிவிட்டார்கள். 1977இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததோடு இயற்கையாகப் பரவும் பெரியம்மை நின்றது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் இந்தப் பூமியில் இல்லை என்று அறிவித்தது. நான் அம்மாளைக் குறைத்துப் பேசவில்லை. என் தோளிலும் அந்த அம்மைப்பால் குத்திய தழும்பு இருக்கிறது. நான் இன்றும் கோயிலுக்குப் போய் வேப்பிலை வாங்கி வருகிறேன். கும்பிடுவதற்கு அந்த இலை. தோளில் இருக்கிற தழும்பு பாதுகாப்புக்கு. இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்க எனக்கு இடம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

இனித் தைலத்துக்கு நீதி செய்ய வேண்டும். அதற்குச் சக்தியே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

அரோமாதெரபி என்ற பெயரைத் தன் புத்தகத்துக்கு வைத்து 1937இல் வெளியிட்டவர் பிரான்சு நாட்டு இரசாயனவியலாளர் ரெனே மொறிஸ் கட்டஃபோசே. 1910இல் ஆய்வுகூடத்தில் வெடிப்பு ஏற்பட்டு அவருடைய கைகள் எரிந்தன. பிறகு புண்ணில் தசையழுகல் தொடங்கியது. லவெண்டர் தைலத்தால் கழுவினேன், அழுகல் நின்றது என்று அவரே எழுதினார். வலி தாங்காமல் லவெண்டர் தொட்டிக்குள் கையை விட்டார் என்று கதை கட்டிவிட்டார்கள். அப்படி அல்ல, அவர் தெரிந்துதான் பூசினார். பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் 18 வருடம் இருந்த காலம் அது. புண்ணில் கிருமியை அடக்கக்கூடிய எதுவும் அன்று பெரிய காரியம்.

எப்படி அடக்கியது? கிராம்பில் யூஜெனோல் இருக்கிறது. ஓமத்தில் தைமோல். கறுவாவில் சின்னமல்டிகைட்டு. இவை எல்லாம் எண்ணெயோடு சேருகிற பொருட்கள். பற்றீரியாவைச் சுற்றியிருக்கிற தோலும் கொழுப்பால் ஆனது. தைலம் அதில் ஊறுகிறது, தோல் ஓட்டை விடுகிறது, உள்ளே இருப்பது வெளியே வடிகிறது, பற்றீரியா சாகிறது. கண்ணாடித் தட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வாய் கொப்பளிக்கிற மருந்தில் தைமோல் சேர்க்கிறார்கள், பல் வைத்தியர் கிராம்புத் தைலம் பாவிக்கிறார், இதனால்தான்.

ஆனால், தாய்மாரே, உடம்பு கண்ணாடித் தட்டு அல்ல. எங்கள் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கொழுப்புத் தோல்தான் இருக்கிறது. தட்டில் பற்றீரியாவைக் கொன்ற அளவு தைலத்தை இரத்தத்துக்குள் கொண்டுபோக நினைத்தால், அது முதலில் யாரைக் கொல்லும்? அதனால்தான் தைலத்தின் எல்லை தோலோடும் வாயோடும் நின்றுவிடுகிறது. தைமோல் ஒருமுறை அந்த எல்லையைத் தாண்டியது. 1916இல் றொக்கஃபெல்லர் அறநிலையத்தார் இங்கே தோட்டங்களில் கொழுக்கிப்புழுவை ஒழிக்க வந்த காலத்தில் தைமோல்தான் அதற்கு மருந்து. எங்கள் ஓமத்தில் இருக்கிற அதே பொருள். அளந்து கொடுத்தார்கள், பார்த்துக்கொண்டு கொடுத்தார்கள், நஞ்சாகும் என்று தெரிந்து கொடுத்தார்கள், நல்ல மருந்து வந்ததும் விட்டார்கள். ஆனால் கொடுத்தவர்களே கண்டது, கக்கூசு கட்டாமல் இருந்தால் புழு திரும்பி வரும் என்பது. பாருங்கள், மறுபடியும் கதவுதான்.

நுளம்புக்கு என்ன? லெமன் யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கிற ஒரு பொருள் நுளம்பைச் சில மணி நேரம் விலக்கும். அதை அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூசக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. எங்கள் பங்குக்கு நாங்கள் பின்னேரம் வேப்பிலையும் சாம்பிராணியும் புகைக்கிறோம். நல்லது, மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் டெங்கு நுளம்பு எப்போது கடிக்கிறது? விடிந்த பிறகும், பொழுதுபடுமுன்னும். நீங்கள் விளக்கேற்றிப் புகை போடுகிற நேரம் அது தன் வேலையை முடித்துவிட்டு இருக்கிறது. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் வந்தது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நுளம்பு எங்கே வளர்ந்தது? கிடுகு வேலியோரம் கிடந்த சிரட்டையில், உடைந்த பூச்சட்டியில், கூரைப் பீலியில். சிரட்டையைக் கவிழ்க்க ஒரு போத்தல் தைலமும் தேவையில்லை.

தடிமன் வந்தால் வேது பிடிக்கிறோமே, அது? நொச்சி இலை போட்டு, போர்வையால் மூடி, ஆவி முகத்தில் அடிக்கும்போது உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான். தைலத்தில் இருக்கிற மென்தோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூக்கின் அடைப்பை எடுப்பதில்லை. மூக்குக்குள் குளிரை உணர்கிற நரம்பைத் தொடுகிறது, காற்று வருகிறது என்று அந்த நரம்பு மூளைக்குச் சொல்கிறது. சளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நோயாளிக்கு ஆறுதல் மட்டும் வந்துவிட்டது. ஆறுதல் சின்ன விசயமா? இல்லை. காய்ச்சல்காரனின் நெற்றியில் தாயின் கை தைலம் தடவுகிறதே, அதற்கு ஈடாக ஒரு குளிசையும் நான் என் யன்னலால் கொடுத்ததில்லை. ஆனால் அது நோயாளிக்குச் செய்கிற உபசாரம். நோய்க்குச் செய்கிற வைத்தியம் அல்ல. ஒன்று மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன். சின்னப் பிள்ளையின் மூக்குக்குள் கற்பூரத் தைலம் தடவாதீர்கள். யூக்கலிப்டஸ் போத்தலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

வாசனைப் போத்தலே நோயைக் கொண்டுவந்த கதையும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ் என்ற கொடிய தொற்று வந்தது. அது தெற்காசிய மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழ்கிற பற்றீரியா. எங்கள் நாட்டிலும் இருக்கிறது. அந்த நான்கு பேரும் இந்தப் பக்கம் வந்தவர்களே அல்ல. எப்படித் தொற்றியது? மாதக்கணக்காகத் தேடினார்கள். கடைசியில் ஒரு வீட்டிலிருந்த லவெண்டர், கமோமைல் வாசனைத் தெளிப்புப் போத்தலுக்குள் அது இருந்தது. இந்தியாவில் செய்து அங்கே விற்ற தெளிப்பு. அது தூய தைலம் அல்ல, தண்ணீரில் வாசனை கலந்தது. அந்தத் தண்ணீரில் கிருமி. ஏறத்தாழ 3,900 போத்தல்களைத் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள், ஒருவர் குழந்தை. வீடு மணக்கட்டும் என்று யாரோ ஆசையாக வாங்கி வைத்த போத்தல் அது.

பயம் வந்த காலத்தில் மணத்தின் பின்னால் ஓடுவது படிக்காதவர்கள் மட்டும்தானா? 2020 மார்கழியில், கொவிட் காலத்தில், கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள், நோய் பரவக்கூடிய அதே நெருக்கத்தில் நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் கொவிட் வந்தது. நான் யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களுடைய பயம் உண்மையான பயம். தடுப்பூசி இன்னும் வந்து சேராத காலம். வெறுங்கையோடு நிற்கிறவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பான்.

இப்போது அந்த எலிக்கு வருகிறேன்.

2024 கார்த்திகைக் கடைசியில் புயலோடு வெள்ளம் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வயலும் ஒழுங்கையும் முற்றமும் ஒரே தண்ணீர். அடுத்த மாதம் எங்கள் வடமராட்சியில், பருத்தித்துறைப் பக்கமும் கரவெட்டிப் பக்கமும், ஒரு காய்ச்சல் தொடங்கியது. காய்ச்சல், உடம்பு நோ, பிறகு மூச்சுத் திணறல். சில நாட்களுக்குள் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், அதில் இளவயதினரும் இருந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. இரத்தத்தைச் சோதித்தபோது தெரிந்தது, எலிக்காய்ச்சல்.

அந்தக் கிழமையில் என் தொலைபேசி ஓயவில்லை. என்ன கேட்டார்கள்? “ஐயா, எந்தத் தைலம் நல்லது?” “வேது பிடிச்சா மாறுமோ?” “கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துக்கொண்டிருக்கிறம், காணுமோ?” கேட்டவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். தங்கள் வீட்டுக்காரரைக் காப்பாற்றத் துடித்தவர்கள். நான் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். எத்தனையாம் நாள்?

ஏன் நாளைக் கேட்டேன்? எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கிற ஒரு சின்னக் கீறலால் உள்ளே போகிறது. ஒரு கிழமை, இரண்டு கிழமை சத்தமில்லாமல் இருக்கிறது. பிறகு காய்ச்சல். காய்ச்சலின் முதல் நாட்களில் டொக்சிசைக்கிளினோ பெனிசிலினோ கொடுத்தால் இந்தக் கிருமி அடங்கும். விட்டால் சிறுநீரகத்துக்குப் போகும், ஈரலுக்குப் போகும், நெஞ்சுக்குள் இரத்தம் கசியும். அப்போது ஆஸ்பத்திரிக்கும் கடினம், ஆண்டவனுக்கும் கடினம். தைலம் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, அது இரத்தத்தில் ஓடுகிறது. தைலம் நோயாளியையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. பிறகு என்ன கெடுதல் என்கிறீர்களா? தைலம் நாளைத் தின்னும். முதல் நாள் தடவினோம், கொஞ்சம் சுகம். இரண்டாம் நாள் வேது, வியர்த்தது, காய்ச்சல் இறங்கின மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பார்ப்போம் என்றோம். நான்காம் நாள் மூச்சு வாங்குகிறது. அந்த மூன்று நாளும் எங்கே போயின? அந்த மணத்துக்குள் போயின.

இனி மாரி வரப்போகிறது. வயலுக்கு இறங்குகிற தம்பிமாரே, இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்க் கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போடுகிற டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தருவார்கள், காசில்லை. யாருக்கு ஒத்துவராது என்பதையும் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள், பூட்ஸ் போடுங்கள். வெள்ளத் தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கிணறு வெள்ளத்தில் மூடினால் குளோரின் போடும்வரை அதில் அள்ளாதீர்கள். அந்த மண்ணிறப் போத்தலை என்ன செய்வது என்று போன கிழமை ஓர் அம்மா கேட்டார். மகள் ஆசையாக அனுப்பினது, எறிய மனம் வரவில்லை என்றார். எறியாதேயுங்கோ அம்மா என்றேன். முழங்கால் நோவுக்குத் தேங்காயெண்ணெயில் இரண்டு துளி கலந்து தடவுங்கோ, மகளை நினைச்சுக்கொண்டு மணந்து பாருங்கோ, காய்ச்சல் வந்தால் மட்டும் அலுமாரிக்குள் வையுங்கோ.

கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்காக நான் இங்கேயே நிற்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பேன். ஆனால் உங்களில் யாருடைய வீட்டிலாவது இன்று இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சலோடு ஒருவர் படுத்திருந்தால், நீங்கள் நன்றியுரைவரை இருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போங்கள். வாசலில் ஓட்டோ நிற்கிறது. மந்திகை ஆஸ்பத்திரிக்கு இந்த நேரத்தில் கனநேரம் எடுக்காது.